பேருந்தை நிறுத்தி வைக்கும் அதிகாரம்

தமிழ்நாட்டுப் பள்ளிகளைப் பொறுத்தவரை வானிலை எச்சரிக்கை என்பது நாளை விடுமுறை உண்டா இல்லையா என்ற ஒற்றைக் கேள்வியாகச் சுருங்கிப்போயிருக்கிறது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளும் அதிகாலையில் எழுந்தவுடன் தேடுவது மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பைத்தான். அறிவிப்பு வந்தால் அன்றைய பொறுப்பு முடிந்தது, வராவிட்டால் எல்லா நாளையும்போல அதுவும் ஒரு நாள் என்ற எண்ணம் ஊறிவிட்டது. விடுமுறை விடப்படாத நாளில், மாலை நான்கேகால் மணிக்கு மணியடித்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று பேருந்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது, மேற்கே மலையின் மீது வானம் கறுத்து இடி கேட்கத் தொடங்கினால் அந்தப் பேருந்து புறப்படலாமா கூடாதா என்று முடிவு செய்கிறவர் யார் என்பதே இவ்வுரை எடுத்துக்கொள்ளும் பொருள்.

ஆட்சியரின் விடுமுறை அறிவிப்புக்கு அளவுகோல் மாவட்டமும் நாளும் ஆகும். பேருந்துக்கோ அளவுகோல் ஒரு சாலையும் ஒரு மணி நேரமும். விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கே, திருச்சுழி, காரியாபட்டிப் பக்கம், வானம் வெறித்துக் கிடக்கும் அதே மாலையில் மேற்கே வத்திராயிருப்பிலும் ராஜபாளையத்திலும் இடியும் மின்னலுமாக மழை கொட்டுவது அடிக்கடி நிகழ்கிறது. மாவட்டம் முழுமைக்குமான அறிவிப்பு, கிழக்குக்குத் தேவையற்றதாகவும் மேற்குக்குப் போதாததாகவும் முடிகிறது. மேலும், புயலின் வருகையை நாட்கணக்கில் முன்னறிய முடிவதுபோல இடிமழையின் வருகையை முன்னறிய முடிவதில்லை. காலையில் வெயில் தரையைச் சூடாக்க, சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து, பிற்பகலில் மேகமாகத் திரண்டு, மூன்று மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் உடைந்து பெய்வது வெப்பச்சலன மழையின் இயல்பு. வெப்பச்சலனம் என்பது சூடான காற்று மேலே செல்ல, குளிர்ந்த காற்று கீழே இறங்கும் சுழற்சியாகும். ஏப்ரல், மே மாதங்களின் கோடை மழையும், அக்டோபரில் பருவமழை தொடங்கும் காலத்து மழையும் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. பள்ளி விடும் நேரமும் மேகம் உடையும் நேரமும் ஒன்றாக அமைந்திருப்பது தற்செயல்தான் என்றாலும், அதன் விளைவை ஆண்டுதோறும் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. காலையில் எடுக்கப்படும் எந்த முடிவும் மாலைப் பயணத்தைக் காப்பதில்லை.

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அமைந்திருக்கும் இடம் இந்தச் சிக்கலைக் கூர்மையாக்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு இங்கே படிப்படியாகத் தாழ்வதில்லை. ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கு மேல் உயரும் சிகரங்களிலிருந்து தரைமட்டத்துக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலேயே மலை இறங்கிவிடுகிறது. ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார்கோவில் ஆறு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்புப் பகுதியின் ஓடைகள், வத்திராயிருப்புக்கு அருகே பிளவக்கல் அணைகளில் கட்டி நிறுத்தப்பட்டிருக்கும் பெரியாறும் கோவிலாறும், தேவதானத்துக்கு மேலே சாஸ்தா கோவில் ஆறு என்று வரிசையாக இறங்கும் நீரோட்டங்கள் அனைத்தும் ஆண்டின் பெரும்பகுதி மணலும் கல்லுமாகவே கிடப்பவை. பாதி நாள் வறண்டு கிடக்கும் ஓடையின் குறுக்கே பாலம் கட்டுவதற்குப் பதிலாகத் தரைப்பாலம் போடுவது இப்பகுதியில் நெடுங்கால வழக்கம். தரைப்பாலம் என்பது ஓடையின் படுகையோடு ஒட்டிச் செல்லும் சாலை. நீர் குறைவாக இருந்தால் அடியிலுள்ள குழாய்கள் வழியாகவும், மிகுந்தால் சாலையின் மேலாகவும் ஓடும்.

மலையில் மழை பெய்து, தரையில் ஒரு துளிகூட விழாத நிலையில் காட்டாறு வருவதை இவ்வட்டாரத்தார் நன்கு அறிவர். மேற்கே கருக்கிட்டிருந்தால் ஓடையில் ஆடு மாடு இறக்கக் கூடாது என்பது மேய்ப்பவர்கள் கற்றுக்கொடுக்காமலே பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் பாடம். 2015 மே மாதத்தில் சதுரகிரி மலையில் திடீரென்று பெருக்கெடுத்த ஓடை வெள்ளம், அங்கு வழிபாட்டுக்குச் சென்றிருந்தவர்கள் பலரின் உயிரைப் பறித்தது. மே என்பது பருவமழைக்கு உரிய மாதமன்று. எச்சரிக்கையும் விழிப்பும் வடகிழக்குப் பருவமழையோடு தொடங்கி அதனோடு முடிந்துவிடலாம் என்ற எண்ணத்தைக் கலைக்க அந்த ஒரு நிகழ்வே போதுமானது.

இங்கே சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். செய்தித்தாள்களில் புயல், சூறாவளி, சூறைக்காற்று, சுழற்காற்று என்ற நான்கு சொற்களும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகப் புழங்குகின்றன. புயல் அல்லது சூறாவளி என்பது கடலில் உருவாகி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தில் சுழன்று, நாட்கணக்கில் நகர்ந்து கரையைக் கடப்பது. சுழற்காற்று, அதாவது அமெரிக்காவில் டொர்னாடோ எனப்படுவது, இடிமேகத்தின் அடியிலிருந்து தரை வரை தொங்கும் குறுகிய சுழல்தூண். அதன் அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான். ஆயுள் சில நிமிடங்கள்தான். ஆனால் மிகக் கடுமையானவற்றில் காற்றின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். தரையருகே ஈரமான வெப்பக் காற்றும், அதன் மேலே வறண்ட குளிர்ந்த காற்றும், உயரம் செல்லச் செல்லத் திசையும் வேகமும் மாறும் காற்றோட்டமும் ஒன்றுசேரும் இடங்களிலேயே இது உருவாகிறது. இந்தியத் துணைக்கண்டத்தில் அத்தகைய இடம் வங்கச் சமவெளி. 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தைத் தாக்கிய சுழற்காற்றில் சுமார் 1,300 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. 2024 மார்ச் 31 அன்று மேற்கு வங்கத்தின் ஜல்பைகுரி, மைனாகுரிப் பகுதிகளிலும் உயிர்ச்சேதம் விளைவித்த சுழற்காற்று வீசியது.

தமிழ்நாட்டில் அத்தகைய சுழல்தூண் அரிது. ராஜபாளையம் வட்டாரத்தில் வாழைத் தோட்டங்களைச் சாய்த்துத் தகரக் கூரைகளைப் பிடுங்கி எறியும் சூறைக்காற்று வேறு வகையானது. இடிமேகத்துக்குள் மழைத்துளிகளால் குளிர்ந்து கனத்த காற்று, கிணற்றில் விழும் கல்போலக் கீழே பாய்ந்து, தரையில் மோதி நாற்புறமும் சிதறுவதால் இது உண்டாகிறது. மழைக்குச் சில நிமிடங்கள் முன்னதாகவே குளிர்காற்று முகத்தில் அடித்துப் புழுதி கிளம்புவது அதன் முன்னறிவிப்பு. ஆடிக் காற்று வேறு. அது தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாய்கள் வழியாக வாரக்கணக்கில் வீசுவது, பழகியது, எதிர்பார்க்கப்படுவது. சூறைக்காற்றோ கால்மணி நேரத்தில் வந்து கால்மணி நேரத்தில் போய்விடுவது. இந்தக் கால்மணி நேரத்தில் பள்ளிப் பேருந்து எங்கே இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

சுழற்காற்று மிகுந்த அமெரிக்காவின் அனுபவம் இங்கே இரண்டு காரணங்களுக்காகக் கவனிக்கத் தக்கது. 1967 ஏப்ரல் 21 வெள்ளிக்கிழமை, இல்லினாய் மாநிலத்தின் பெல்விடியர் என்ற சிற்றூரில், பிற்பகல் நான்கு மணிக்குச் சற்று முன்பு, உயர்நிலைப் பள்ளியின் வாசலில் பேருந்துகள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த வேளையில் சுழற்காற்று தாக்கியது. பேருந்துகள் தூக்கி எறியப்பட்டன. அவ்வூரில் இறந்த 24 பேரில் 13 பேர் அந்தப் பள்ளி வளாகத்தில் இறந்தவர்கள். பள்ளிக் கட்டடத்திலிருந்து பிள்ளைகள் வெளியேறிப் பேருந்துக்கு நடக்கும் சில நிமிடங்களில்தான் அது நிகழ்ந்தது. இன்று அந்நாட்டில் பள்ளி நேர முடிவில் சுழற்காற்று எச்சரிக்கை நடப்பில் இருந்தால் பேருந்தை அனுப்பாமல் பிள்ளைகளைக் கட்டடத்துக்குள் வைத்திருப்பது பரவலான நடைமுறையாக இருக்கிறது. பேருந்து ஏற்கெனவே சாலையில் இருந்தால், காற்றோடு பந்தயம் ஓடாமல் அருகிலுள்ள உறுதியான கட்டடத்தில் பிள்ளைகளை இறக்கிச் சேர்க்க வேண்டும் என்றும், அதற்கு வழியே இல்லாதபோது பேருந்தைவிட்டு விலகித் தாழ்வான பள்ளத்தில் தலையைக் கைகளால் மூடிக் குப்புறப் படுக்கவைக்க வேண்டும் என்றும் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது.

இரண்டாவது காரணம் எச்சரிக்கையின் வடிவம் பற்றியது. அந்நாட்டின் தேசிய வானிலைச் சேவை, 2007 அக்டோபர் வரை, சுழற்காற்று எச்சரிக்கையைக் கவுன்டி எனப்படும் நிர்வாகப் பகுதி முழுமைக்கும் வெளியிட்டுவந்தது. கவுன்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டம் போன்றது. பெரும்பகுதி மக்கள் தேவையின்றி அஞ்ச, அடிக்கடி பொய்த்த எச்சரிக்கையை மதிக்காத பழக்கமும் வளர, அதன் பின்னர் மேகம் நகரும் பாதையை ஒட்டி வரைபடத்தில் பலகோண வடிவமாக எச்சரிக்கை வரையப்படத் தொடங்கியது. மாவட்ட அளவிலான எச்சரிக்கையின் குறையை அறிந்து மாற்றிக்கொண்ட நாடு ஒன்று இருக்கிறது என்பதை இங்குள்ள நிர்வாகம் கவனித்தால் நன்று.

இந்திய வானிலை ஆய்வு மையம் வெளியிடும் தகவல்கள் இப்போது முன்னிலும் செறிவானவை. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வது கனமழை, 204.4 மில்லிமீட்டர் வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதிகனமழை என்று வகுத்து, பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்களில் மாவட்டவாரியாக எச்சரிக்கை தரப்படுகிறது. இவற்றோடு, அடுத்த 3 மணி நேரத்தில் இன்னின்ன மாவட்டங்களில் இடி மின்னலுடன் மழைக்கு வாய்ப்பு என்ற உடனடி முன்னறிவிப்பும் வருகிறது. பள்ளிப் பேருந்துக்கு மிகவும் பயன்படக்கூடியது இந்தக் கடைசி வகைதான். பிற்பகல் இரண்டரை மணிக்கு மேல் வெளியாகும் அறிவிப்பு நேராக மாலைப் பயணத்தையே குறிப்பது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை நிறுவனம் உருவாக்கிய தாமினி என்ற கைபேசிச் செயலி, இருக்கும் இடத்தைச் சுற்றி இருபது, நாற்பது கிலோமீட்டருக்குள் மின்னல் விழுவதைக் காட்டுகிறது. தமிழ்நாட்டு அரசின் பேரிடர் செயலியும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணும் உள்ளன. தகவல் இல்லை என்று குறைசொல்ல இடமில்லை. அந்தத் தகவலைக் கையில் வைத்துக்கொண்டு, பேருந்து இப்போது நகரக் கூடாது என்று சொல்லும் பொறுப்பு யாருடையது என்பது எழுதப்படாமல் இருப்பதுதான் குறை.

அந்தப் பொறுப்பு எழுதப்படாமல் கிடப்பதற்கு ஒரு காரணம், ஆபத்துகள் பலவாக இருப்பதும் ஒன்றுக்கு உரிய விடை மற்றொன்றுக்கு நேர்மாறாக இருப்பதும் ஆகும். மின்னலுக்குப் பேருந்து பாதுகாப்பான இடம். உலோகக் கூடு மின்னோட்டத்தைத் தன் வெளிப்புறத்தின் வழியே தரைக்குக் கடத்திவிடுவதால், சன்னல்களை மூடி, கம்பிகளைத் தொடாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஆபத்து மிகக் குறைவு. இறங்கிப் புளியமரத்தடியில் ஒதுங்கினால்தான் ஆபத்து. அறுந்த மின்கம்பி பேருந்தின் மீது கிடந்தாலும் அதே விடைதான்: மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியாகும் வரை யாரும் இறங்கக் கூடாது, ஏனெனில் ஒரு கால் படியிலும் மறு கால் தரையிலுமாக இருக்கும் அந்தக் கணத்தில்தான் மின்சாரம் உடல் வழியே பாயும். வண்டியில் தீப்பற்றினால் மட்டும், இரு கால்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு, வண்டியைத் தொடாதபடி குதித்து, கால்களை அகட்டாமல் தத்தி விலக வேண்டும்.

வெள்ளத்துக்கு விடை நேர் எதிரானது. பத்து மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் கொண்ட ஒரு பேருந்தின் அடித்தளத்துக்கு மேல் நீர் பத்து சென்டிமீட்டர் ஏறினால், உள்ளே நீர் புகாத வரையில், அது இரண்டரை டன் எடையை மேல்நோக்கித் தூக்குகிறது. இன்னும் பத்து சென்டிமீட்டர் ஏறினால் ஐந்து டன். பேருந்து எவ்வளவு கனமானது என்ற நம்பிக்கை அந்த இடத்தில் கரைந்துபோகிறது, சக்கரங்கள் பிடிப்பை இழக்கின்றன, பக்கவாட்டில் தள்ளும் ஓட்டத்துக்கு எதிர்ப்பு இல்லாமல் போகிறது. நீரோட்டத்தின் வேகம் இரட்டித்தால் அதன் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எனவே தரைப்பாலத்தின் மேல் நீர் ஓடிக்கொண்டிருந்தால், அதன் ஆழம் எதுவாயினும், சாலையின் தார்ப்பரப்பு கண்ணுக்குத் தெரியாத நிலையில், பேருந்து அதில் இறங்கவே கூடாது. அடியில் சாலை இருக்கிறதா, அரித்துப்போயிற்றா என்பது நீர் வடிந்த பிறகே தெரியவரும். தவறி நடுவில் நின்றுபோனால், உள்ளே காத்திருக்காமல், நீர் தாழ்வாக இருக்கும்போதே அவசர வழியாகப் பிள்ளைகளை வெளியேற்றி மேட்டுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும்.

காற்றின் கணக்கும் இதே இயல்புடையது. பேருந்தின் பக்கவாட்டுப் பரப்பு ஏறத்தாழ 25 சதுர மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று அதன் மீது 1,200 கிலோ அளவுக்கான விசையைச் செலுத்தும். 50 கிலோமீட்டரில் அது நான்கில் ஒரு பங்காகக் குறையும். பல டன் எடையுள்ள, நின்றிருக்கும் பேருந்தை நம் ஊர்ச் சூறைக்காற்று கவிழ்ப்பது எளிதன்று. ஆனால் மரக்கிளை, விளம்பரப் பலகை, ஆலைக் கொட்டகையின் தகரம், தென்னை மட்டை, மின்கம்பம் ஆகியவை பேருந்தின் மீது விழ நூறு கிலோமீட்டர் வேகம் தேவையில்லை. ராஜபாளையத்திலிருந்து சேத்தூர், தேவதானம் செல்லும் வழியிலும், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மம்சாபுரம் செல்லும் வழியிலும் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் சாலையை ஒட்டியே நிற்கின்றன. காற்று தொடங்கியதும் மரநிழலில் ஓரங்கட்டுவது கோடை வெயிலில் பழகிய கையின் பழக்கம். அந்தப் பழக்கத்தை மாற்றி, மரமும் கம்பமும் பலகையும் இல்லாத வெட்டவெளியில், விளக்குகளை எரியவிட்டு நிறுத்தக் கற்றுக்கொடுப்பதற்கு ஓட்டுநர் பயிற்சி ஒன்றே வழி.

ரயில்வே சுரங்கப்பாதைகளைத் தனியே குறிப்பிடாமல் இருக்க முடியாது. 2014 ஜூலை 24 அன்று, தெலங்கானாவின் மேதக் மாவட்டம் மாசாயிப்பேட்டையில், ஆளில்லாக் கடவுப்பாதையைக் கடந்த பள்ளிப் பேருந்தின் மீது ரயில் மோதியதில் பதினைந்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தனர். இத்தகைய துயரங்களின் அழுத்தத்தால் அகலப்பாதையில் இருந்த ஆளில்லாக் கடவுப்பாதைகள் அனைத்தும் 2019 ஜனவரிக்குள் நீக்கப்பட்டன. பல இடங்களில் அவற்றுக்குப் பதிலாகத் தண்டவாளத்தின் அடியில் சுரங்கப்பாதைகள் தோண்டப்பட்டன. அதே தெலங்கானாவின் மகபூப்நகர் மாவட்டத்தில், 2022 ஜூலை 8 அன்று, மழைநீர் தேங்கியிருந்த ரயில்வே சுரங்கப்பாதைக்குள் இறங்கிய பள்ளிப் பேருந்து நடுவில் நின்று, இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுடன் பாதி மூழ்கியது. அக்கம்பக்கத்தார் விரைந்து வந்ததால் எல்லாரும் காப்பாற்றப்பட்டனர். ஓர் ஆபத்தை நீக்கிய கட்டுமானமே மழை நாளில் மற்றோர் ஆபத்தாக நின்றது. விருதுநகரிலிருந்து தென்காசி செல்லும் ரயில்பாதை ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் கடந்துதான் செல்கிறது. அந்தப் பாதையின் இருபுறமுமிருந்தும் பிள்ளைகளைத் திரட்டும் பள்ளிகள், தங்கள் வழித்தடத்திலுள்ள ஒவ்வொரு சுரங்கப்பாதைக்கும் மாற்றுவழி எது என்பதை மழைக்கு முன்பே வகுத்துவைத்திருக்க வேண்டும்.

சட்டம் எந்த அளவுக்கு உதவுகிறது என்பதை இனிப் பார்க்கலாம். 2012 ஜூலையில், சென்னை தாம்பரத்தை அடுத்த சேலையூரில், பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து அதனை விசாரித்தது. அதன் விளைவாகவே பள்ளிப் பேருந்துகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சிறப்பு விதிகள் அதே ஆண்டில் உருவாயின. மஞ்சள் நிறம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, அனுபவமுள்ள ஓட்டுநர், உடன் செல்லும் உதவியாளர் என்று வண்டியையும் அதை இயக்குபவரையும் பற்றி அவ்விதிகள் நுணுக்கமாகப் பேசுகின்றன. ஆண்டுதோறும் கோடை விடுமுறையில், வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களும் காவல், கல்வி, தீயணைப்புத் துறையினரும் சேர்ந்து பேருந்துகளை ஒரு மைதானத்தில் நிறுத்திச் சோதிக்கின்றனர். அவசர வழிக் கதவு திறக்கிறதா, தளப்பலகை உறுதியாக இருக்கிறதா, படியின் உயரம் சரிதானா என்று பார்க்கும் அந்தச் சோதனை மிக நல்ல ஏற்பாடு. அது காப்பாற்றிய உயிர்களை யாரும் எண்ணிவைக்க முடியாது. ஆயினும் மைதானத்தில் நிற்கும் பேருந்தைத்தான் அது சோதிக்கிறது. மழையில் ஓடும் பேருந்துக்கு உரிய வினாக்களைக் கேட்கும் இடம் இன்னும் அமையவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளை எரித்த தீக்குப் பிறகுதான் கூரைக் கொட்டகைகள் வகுப்பறையாக இருப்பது ஒழிந்தது. ஒவ்வொரு விதியின் பின்னாலும் ஒரு பிள்ளையின் இறப்பு இருக்கிறது என்பது இம்மாநிலத்தின் பள்ளிப் பாதுகாப்பு வரலாற்றில் வலிக்கும் உண்மை; மழைக்கால விதியாவது அவ்வாறு எழுதப்படாதிருக்க வேண்டும்.

அந்த விதி பெரும்பாலும் ஒரே சொல்லில் அடங்கும்: நிறுத்தம். விடுமுறை என்பது நாள் முழுவதையும் இழப்பது. நிறுத்தம் என்பது முப்பது நிமிடத்தை அல்லது ஒரு மணி நேரத்தை இழப்பது. தனியொரு இடிமேகத்தின் ஆயுள் பெரும்பாலும் அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரைதான். மின்னல் கண்ணில் பட்டதற்கும் இடி காதில் விழுந்ததற்கும் இடையே முப்பது விநாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் விழுகிறது என்று பொருள். கடைசி இடி கேட்டதிலிருந்து முப்பது நிமிடம் கடந்த பிறகே வெளியே செல்வது பாதுகாப்பு என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் வழிமுறை. இதைக் கணக்கிட எந்தக் கருவியும் தேவையில்லை. பார்வைத் தெளிவுக்கும் இவ்விரு ஊர்களில் இயற்கையான அளவுகோல்கள் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோவிலின் பதினொரு நிலைக் கோபுரம் தெரியும் பள்ளிகள், கோபுரம் மழையில் மறைந்திருக்கும் வரை பேருந்தை எடுப்பதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ராஜபாளையத்தில் சஞ்சீவி மலை அந்த வேலையைச் செய்யும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிவதும் வாதத்துக்கு இடம் தராததுமான அடையாளம், செயலியில் தெரியும் நிறத்தைவிடச் சில வேளைகளில் மேலானது.

நிறுத்தம் கட்டடத்துக்குள் நிகழ வேண்டும். பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி உட்காரவைத்துவிட்டுச் சாவியைத் திருப்பாமல் வைத்திருப்பது நிறுத்தமாகாது. ஏறிவிட்ட பேருந்து எப்படியும் நகர்ந்துவிடும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி, புயலின்போது பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற பயணிகள் ரயில், ஊருக்குச் சற்று முன்பாகக் கைகாட்டி செயலிழந்ததால் சிறிது நேரம் நின்றதாகவும், பின்னர் மெல்ல முன்னேறியபோது கடலலை அதனை மூழ்கடித்ததாகவும் கூறப்படுகிறது. சுற்றுலா வந்த மாணவர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் அதில் மாண்டனர். நின்ற வண்டியை மீண்டும் நகரச் செய்வது பெரும்பாலும் அலட்சியமன்று. சென்றுசேர வேண்டிய இடம் அருகில் இருக்கிறது என்ற எண்ணமும், பின்னால் காத்திருப்பவர்களின் நெருக்கடியும் ஆகும். பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் நிலையும் அதுவே.

அந்த நெருக்கடியைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது நல்லது. பல பள்ளிகளில் ஒரே பேருந்து இரண்டு நடை ஓடுகிறது: முதல் நடையில் சிறு வகுப்புப் பிள்ளைகள், திரும்பி வந்து இரண்டாம் நடையில் பெரிய வகுப்பினர். முதல் நடை பதினைந்து நிமிடம் தாமதித்தால் இரண்டாம் நடை இருட்டில் முடிகிறது. நிறுத்தத்தில் நிற்கும் தாய்மார்கள் கைபேசியில் அழைக்கத் தொடங்குகின்றனர். அழைப்பு உதவியாளருக்கு வருகிறது, சில வேளை ஓட்டுநருக்கே வருகிறது. வழக்கமான ஓட்டுநர் விடுப்பில் இருந்தால் அன்றைக்கு மட்டும் வரும் ஆக்டிங் டிரைவர், எந்த ஓடை எப்போது வரும் என்று அறியாதவர். இந்நிலையில், ஓடைக்கரையில் நின்று, தண்ணி இறங்கட்டும் என்று சொல்லும் ஓட்டுநர் தாமதத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியவராகவும், துணிந்து இறங்கிக் கடந்துவிட்டவர் கெட்டிக்காரராகவும் மதிக்கப்படுகின்றனர். இந்த மதிப்பீட்டைத் தலைகீழாக்காமல் எந்தப் பயிற்சியும் பலன் தராது. நிறுத்தியதற்காக ஓட்டுநரிடம் விளக்கம் கேட்கப்பட மாட்டாது என்று பள்ளி நிர்வாகம் எழுத்தில் தருவதும், அந்த எழுத்தைப் பெற்றோர் கூட்டத்தில் படித்துக் காட்டுவதும், நிறுத்தம் தொடங்கிய பத்து நிமிடத்துக்குள் ஒரே குறுஞ்செய்தி எல்லாப் பெற்றோருக்கும் அலுவலகத்திலிருந்து செல்வதும் செலவில்லாத காரியங்கள். தலைமை ஆசிரியரே உள்ளூர் நிலையைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று ஆட்சியர்கள் சில மாவட்டங்களில் அறிவித்ததும் உண்டு. அந்த அதிகாரம் காலை விடுமுறையோடு நில்லாமல் மாலைப் பேருந்து வரை நீள வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாகி, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளைச் சிறைப்பிடித்தது. மழை பெருகிய 17-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பேருந்துகள் பள்ளி வளாகங்களில் நின்றிருந்தன. அதே மழை ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் தொடங்கியிருந்தால், தாமிரபரணிக் கரையிலும் மழையின் விளிம்பிலிருந்த வைப்பாற்றுப் படுகையிலும் எத்தனை மஞ்சள் பேருந்துகள் சாலையில் இருந்திருக்கும் என்பதை எண்ணும்போது நெஞ்சு பதறுகிறது. நாள்காட்டி செய்த உதவியை ஏற்பாடாக எண்ணிவிடக் கூடாது.

இதுவரை கூறப்பட்டவை எல்லாம் பள்ளிக்குச் சொந்தமான பேருந்தில் செல்வோரைப் பற்றியவை. அரசுப் பள்ளி மாணவர்களில் பலர் கட்டணமில்லாப் பயண அட்டையுடன் நகரப் பேருந்திலும், வேறு சிலர் ஆட்டோவிலும் வேனிலும் செல்கின்றனர். 2012 விதிகள் நகரப் பேருந்தைத் தொடுவதில்லை. மாலை மழையில் நிழற்குடை நிரம்பி, நனைந்துகொண்டே நிற்கும் பிள்ளைகள், வந்த முதல் பேருந்தில் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு செல்வதைத் தடுக்க அங்கே எந்த உதவியாளரும் இல்லை. அவர்களுக்கும் முதற் பாதுகாப்பு பள்ளிக் கட்டடமே. மழை விடும் வரை வகுப்பறைகளைத் திறந்துவைத்து, இரண்டு ஆசிரியர்கள் முறைவைத்து இருந்து, கிராமம் வாரியாகப் பிள்ளைகளைச் சேர்த்து அனுப்புவதும், பணிமனையோடு பேசி ஒரு பேருந்தைப் பின்தள்ளி அனுப்பச் சொல்வதும் இயலாதவை அல்ல. மனம் வைத்த தலைமை ஆசிரியர்கள் அறிவுறுத்தல் எதுவுமின்றியே இதைச் செய்துவருகின்றனர்.

நிறுத்தம் முடிந்து பேருந்துகளை விடுவிக்கும் வரிசையிலும் கவனம் தேவைப்படுகிறது. தொலைவு செல்லும் பேருந்து முதலில் புறப்படுவது எங்கும் உள்ள வழக்கம். மலையடிவாரத்தில் அந்த வழக்கம் பொருந்தாது. மழை ஓய்ந்து அரைமணி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் மலையில் பெய்த நீர் ஓடைகளில் வந்து சேர்கிறது. கண்மாய் நிரம்பி மறுகால் பாய்வதும், கலுங்கைத் தாண்டிய நீர் சாலையில் ஏறுவதும் அதற்கும் பின்னரே. எனவே கிழக்கே சமவெளிக்குச் செல்லும் பேருந்துகள் முதலிலும், மேற்கே அடிவாரத்துக்குச் செல்பவை கடைசியிலும் புறப்பட வேண்டும். மேற்கு வழித்தடம் ஒவ்வொன்றிலும் தரைப்பாலத்தின் அக்கரையில் தேநீர்க் கடை வைத்திருப்பவரோ, தோப்புக் காவலரோ ஒருவருடைய எண் பள்ளி அலுவலகத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தரைப்பாலத்தின் காப்புக் கல்லில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளையும் அதற்கு மேல் சிவப்பும் பூசப்பட்டிருக்க வேண்டும். வெள்ளைப் பட்டை முழுவதும் அடிவரை வெளியே தெரிகிறது, தார் தெரிகிறது என்று அக்கரையிலிருந்து ஒரு குரல் சொன்ன பின்பே அடிவாரப் பேருந்தின் பெயர்ப்பட்டியலை உதவியாளர் கையில் எடுத்து, பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து ஏற்றத் தொடங்கலாம்.